சாண்ட் வெட்ஜ் மீது விழுந்த பழி: 100 யார்டுக்குள் ஒரு கோல்ஃப் பையின் சோதனை

"இந்த சாண்ட் வெட்ஜ் கைக்கு ஒத்துவரவில்லை, மாற்றிவிட வேண்டும்." கோல்ஃபில் குறுந்தூர ஆட்டம் கெட்டுப்போகும்போது முதலில் எழும் புகார் பெரும்பாலும் இதுதான். பந்தை உயரத் தூக்கிக் குறுந்தூரத்தில் இறக்கும் கிளப்தான் வெட்ஜ், மணலுக்கென்று வந்த அதன் ரகம் சாண்ட் வெட்ஜ். அந்தப் புகாரோடு வரும் ஒரு பையை இங்கே முழுதாகக் கொட்டிப் பார்க்கிறோம். பை குறிப்பிட்ட ஒருவருடையது அல்ல. 16 ஹேண்டிகேப் அளவில், அதாவது நடுத்தரத் திறனில், ஆடுபவர்களிடம் அடிக்கடி காணக்கூடிய அமைப்பை விளக்கத்துக்காக அடுக்கியிருக்கிறோம். இந்தக் கற்பனை ஆட்டக்காரருடைய தூரங்களும் எண்ணிக்கைகளும் கணக்குப் போடும் விதத்தைக் காட்டத்தான். சோதனை முறையை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பையில் இருப்பவை: டிரைவர், 3 வுட், 5 வுட், இரண்டு ஹைப்ரிட், 5 முதல் 9 வரை அயர்ன்கள், 44 டிகிரி பிட்சிங் வெட்ஜ், 56 டிகிரி சாண்ட் வெட்ஜ், 60 டிகிரி லாப் வெட்ஜ், 35 அங்குல பட்டர். மொத்தம் 14. விதி அனுமதிக்கும் உச்சவரம்பும் 14 என்பதால், ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியேற வேண்டும். வெட்ஜ்களின் பெயருக்கு முன்னால் உள்ள டிகிரி லாஃப்ட், அதாவது முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். கிளப்பின் அடிப்பாகமான சோலின் சரிவுக்குப் பவுன்ஸ் என்று பெயர்: சாண்ட் வெட்ஜில் அது 14 டிகிரி, லாப் வெட்ஜில் 4 டிகிரி. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கு முடிவது இவற்றில்தான்.

முதலில் குறிப்பேடு

கிளப்பைத் தொடும் முன்பு ஐந்து சுற்று ஆட்டத்துக்குக் குறிப்பு எடுக்க வேண்டும். 100 யார்டுக்குள் ஆடிய ஒவ்வொரு அடிக்கும் நான்கு விவரம் போதும்: குழியில் நட்ட கொடிக்கு எவ்வளவு தூரம், பந்து எப்படிக் கிடந்தது, எந்த கிளப், பந்து கடைசியில் கொடியிலிருந்து எத்தனை அடி தூரத்தில் நின்றது. "மோசம்", "பரவாயில்லை" என்று எழுதினால் பிறகு ஒன்றும் புரியாது. தூரத்தை அடிக்கணக்கில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஆடுபவர்களே 8 அடியிலிருந்து ஏறத்தாழ பாதி முறைதான் பந்தைக் குழியில் போடுகிறார்கள். கிரீன் எனும் குழியைச் சுற்றிய புல்தளத்துக்கு வெளியிலிருந்து மெல்ல ஆடும் சிப், குழியிலிருந்து 4 அடியில் நிற்பதும் 8 அடியில் நிற்பதும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம், ஸ்கோர் கார்டில் அப்படித் தெரியாது.

நம் ஆட்டக்காரரின் குறிப்பேட்டில் நான்கு இடங்களில் அடிகள் விரயமாகின்றன. 90 முதல் 105 யார்டு வரை பந்து கிரீனுக்கு முன்னாலோ பின்னாலோ விழுகிறது. புல் ஒட்ட வெட்டப்பட்ட இறுக்கமான தரையிலிருந்து 56 டிகிரியால் ஆடும் சிப், கிரீனைத் தாண்டிப் பறக்கிறது. மணற்குழியான பங்கரில் 60 டிகிரி வெட்ஜ் மண்ணுக்குள் புதைந்து, பந்து அங்கேயே கிடக்கிறது. கிரீனில் 30 அடிக்கு மேல் இருந்தால், குழியில் போட மூன்று பட், அதாவது பட்டரால் மூன்று உருட்டல், ஆகிறது. இந்த நான்கில் ஒன்றில்தான் சாண்ட் வெட்ஜின் பெயர் நேராக அடிபடுகிறது.

சோதனைக் களம்

புல்தரையில் செய்யுங்கள். பாய் விரித்த பயிற்சி ரேஞ்சில் வெட்ஜ் தேர்ந்தெடுப்பதைப் போல ஏமாற்றம் தரும் வேலை வேறில்லை. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் கிளப் இறங்கினாலும் பாயில் அது வழுக்கிக்கொண்டு வந்து பந்தைத் தொட்டுவிடும், பந்தும் அழகாக எழும். அதே அடி புல்லில் விழுந்தால் கிளப் மண்ணில் சிக்கி நிற்கும். சோல் மண்ணோடு எப்படிப் பழகுகிறது என்பதுதான் வெட்ஜின் பாதிக் குணம், அதைப் பாய் மறைத்துவிடுகிறது.

ஒரே ரகப் பந்தில் 12 எடுத்துக்கொள்ளுங்கள், ரேஞ்ச் பந்து கூடாது. பழைய கிளப்பையும் புதிய கிளப்பையும் மாற்றி மாற்றி, மூன்று பந்து இதில், மூன்று பந்து அதில் என்று அடிக்க வேண்டும். ஒன்றில் 30 அடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால், உடம்பு சூடேறியதன் பலன் முழுவதும் இரண்டாவது கிளப்பின் கணக்கில் சேர்ந்துவிடும். தரையில் துண்டுகளைப் பரப்பி, பந்து விழும் இடத்தைக் குறியுங்கள். உருண்டு நின்ற இடம் தனிக் கணக்கு.

எந்த அடியையும் "இது கணக்கில் இல்லை" என்று தள்ளக் கூடாது. பத்து பந்து அடித்தால் அதில் மோசமான மூன்றை எடுத்து ஒப்பிடுங்கள். நல்ல அடி எந்த கிளப்பிலும் நன்றாகத்தான் போகும். தவறிய அடியையும் ஓரளவு காப்பாற்றித் தரும் கிளப்பே பையில் இடம்பெறத் தகுந்தது.

பந்து

வரிசையில் முதலில் பந்தைச் சோதிக்கிறோம். வெட்ஜ், பட்டர் எதுவானாலும் தொடுவது பந்தைத்தான் என்பதால், அது நிலையாகாமல் மற்ற முடிவுகள் நிற்காது. நம் ஆட்டக்காரர் அயனோமர் உறை போட்ட இரண்டடுக்குப் பந்தில் ஆடுகிறார். அந்த உறை கெட்டியானது, சீக்கிரம் தேயாது, டிரைவரில் நன்றாகப் போகும். ஆனால் பந்தை உயரத் தூக்கும் 30 யார்டு பிட்சில் அது வெட்ஜின் முகத்தில் பிடிப்பில்லாமல் நழுவுகிறது. யூரித்தேன் உறை மென்மையானது, முகத்தைப் பற்றிக்கொண்டு புறப்படும், அதனால் சுழற்சி கூடும்.

வித்தியாசத்தைப் பார்க்க ரேடார் கருவி வேண்டியதில்லை, பந்து கிளம்பும் உயரம் சொல்லிவிடும். முகத்தில் நன்றாகப் பிடிபட்ட பந்து தாழ்வாகப் புறப்பட்டு, விழுந்து ஒரு குதி குதித்து, இரண்டாவது குதியில் இழுத்துப் பிடித்ததுபோல நிற்கும். வழுக்கிய பந்து எதிர்பார்த்ததைவிட உயரமாக மிதந்து போய், விழுந்த பிறகு ஓடும். உயரப் போனால் சீக்கிரம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஈரப்புல்லில் அந்த நம்பிக்கை கைவிட்டுவிடும். முகத்துக்கும் பந்துக்கும் இடையே தண்ணீர் வந்தால் கிளம்பும் கோணம் ஏறும், சுழற்சி இறங்கும். ஒரு குவளைத் தண்ணீரில் பந்தையும் முகத்தையும் நனைத்து ஆறு அடி அடித்துப் பாருங்கள், காலைப் பனியில் நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

இவருக்கு யூரித்தேன் பந்துதான் தீர்ப்பு. இனி வரும் சோதனைகள் எல்லாம் அந்தப் பந்திலேயே.

லாஃப்ட் இடைவெளி

முழு வீச்சில் 44 டிகிரி 112 யார்டு, 56 டிகிரி 80, 60 டிகிரி 66. பத்துப் பந்துகளின் சராசரியைவிட நடு எண்ணை எடுப்பது நல்லது, ஒரே ஒரு தப்படி அதை அதிகம் குலைக்காது. 112-க்கும் 80-க்கும் நடுவே 32 யார்டு பள்ளம். குறிப்பேட்டில் 90 முதல் 105 வரை பட்ட அடிக்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது. அந்தத் தூரத்துக்கு அவரிடம் கிளப்பே இல்லை. பிட்சிங் வெட்ஜைப் பாதி வேகத்தில் அடிக்கிறார், இல்லையென்றால் சாண்ட் வெட்ஜை முறுக்கி அடிக்கிறார்.

தப்பு அவருடையதல்ல. முன்பு பிட்சிங் வெட்ஜ் 48 டிகிரி அளவில் வந்தது. தூரத்தைக் காட்டி விற்கும் இன்றைய செட்களில் அது 44, சிலவற்றில் 43 வரை இறங்கிவிட்டது. சாண்ட் வெட்ஜ் மட்டும் 56-லேயே நின்றுவிட்டதால் நடுவில் ஓட்டை விழுந்தது. வெட்ஜுக்கு வெட்ஜ் 4 முதல் 6 டிகிரி என்பது நடைமுறையில் சரியாக வரும் இடைவெளி. இவருக்கு 50 டிகிரி பொருந்தும், தூரம் 96 யார்டுக்கு அருகில் வரும்.

தலையில் பொறித்திருக்கும் எண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். கிளப் பழுதுபார்ப்பவரிடம் லாஃப்ட்-லை அளக்கும் பொறி இருக்கும், எல்லா வெட்ஜையும் அதில் வைத்துப் பாருங்கள். தயாரிப்பில் ஒரு டிகிரி முன்பின் இருப்பது அதிசயமில்லை. ஒன்று அப்படியும் மற்றது இப்படியும் விலகினால் 6 டிகிரி இடைவெளி 8 ஆகிவிடும். வளைத்துச் சரிசெய்யலாம். ஆனால் லாஃப்ட்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும், கூட்டினால் கூடும். அடித்து உருவாக்கிய மென் இரும்பு எளிதில் வளையும். வார்ப்பில் செய்தவை கெட்டி, 2 டிகிரிக்கு மேல் போனால் தலையும் தண்டும் சேரும் ஹோசல் விரிசல் விடும் ஆபத்து உண்டு.

பவுன்ஸ்

வெட்ஜைத் தரையில் நேராக வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். முன்விளிம்பு தரையைத் தொடாமல் சற்றே தூக்கி நிற்கும், அதற்குப் பின்னால் சோலின் வயிற்றுப் பகுதி தரையில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சரிவுதான் பவுன்ஸ். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சரசென் தன் கிளப்பின் அடியில் ஈயப்பற்று வைத்துப் பின்பகுதியைப் பருக்கச் செய்தார், அந்த சாண்ட் வெட்ஜோடு 1932-இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை வென்றார். முன்விளிம்பு மண்ணைக் குத்திக் கீழே போகாமல், சோல் மண்ணில் மோதி மேலே எழ வேண்டும் என்பதே அவருடைய கண்டுபிடிப்பின் சாரம். இன்றைய எல்லா வெட்ஜும் அந்த யோசனையின் பிள்ளைகள்தான்.

4 முதல் 6 டிகிரி வரை குறைந்த பவுன்ஸ், 7 முதல் 10 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். ஆனால் பொறித்த எண் கையில் அப்படியே நிற்பதில்லை. அடிபடும் கணத்தில் ஷாஃப்ட் எனும் தண்டு இலக்குப் பக்கம் 6 டிகிரி சாய்ந்திருந்தால் 14 டிகிரி பவுன்ஸ் 8 ஆகிவிடும், லாஃப்ட்டும் 6 குறையும். முகத்தைத் திறந்து வைத்தால் நேர்மாறு: பவுன்ஸ் ஏறும், முன்விளிம்பு தரையைவிட்டு இன்னும் உயரும். ஒரே கிளப் ஒருவர் கையில் கத்தியாகவும் இன்னொருவர் கையில் கரண்டியாகவும் நடந்துகொள்வது இதனால்தான்.

இப்போது பழி யார் மீது என்பதைப் பிரிக்கும் சோதனை. புல்லில் சுண்ணாம்புப் பொடியால் மூன்று அடி நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் குறுக்கே நின்று, பந்து இல்லாமல் பத்து முறை சிப் வீச்சு வீசிக்கொண்டே முன்னேறுங்கள். பிறகு குனிந்து ஒவ்வொரு தடத்தையும் பாருங்கள். தடம் கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால் கோளாறு வீச்சில், எந்த வெட்ஜ் வாங்கினாலும் தீராது. கோட்டிலோ ஓரங்குலம் முன்னாலோ தொடங்கினால் வீச்சு சரி. அதன்பின் கோட்டின் மேலேயே பந்தை வைத்து அடித்து, முகத்தைப் பாருங்கள்.

நம் ஆட்டக்காரருக்குப் பத்தில் ஏழு தடம் கோட்டிலேயே தொடங்குகிறது. பந்து வைத்து 56 டிகிரியை நேர்முகமாகப் பிடித்துச் சிப் செய்தால், முகத்தில் கீழிருந்து இரண்டாவது, மூன்றாவது க்ரூவின் (முகத்தில் வெட்டிய கோட்டுப் பள்ளத்தின்) மேல் பந்தின் தடம். நல்ல அடி. முகத்தைத் திறந்து அதே இறுக்கமான தரையில் அடித்தால் தடம் எல்லாவற்றுக்கும் கீழே, முதல் க்ரூவுக்கும் முன்விளிம்புக்கும் நடுவே மெல்லிய பிறைபோல ஒட்டியிருக்கிறது. தரையில் புல் நுனி மட்டும் வழிக்கப்பட்டிருக்கிறது, மண் பெயரவில்லை. சோல் கெட்டித் தரையில் மோதித் துள்ளி, முன்விளிம்பு பந்தின் இடுப்பில் பட்டிருக்கிறது. கிரீனைத் தாண்டிப் பறந்த சிப்களின் கதை இதுதான். அவர் திறந்து பிடிக்கும் பழக்கத்துக்கு, அந்தத் தரையில் 14 டிகிரி மிக அதிகம்.

பங்கரில் இதன் தலைகீழ். மணலில் கோடு கிழித்து, கோட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் பந்து இருப்பதாகப் பாவித்து, கோட்டிலேயே கிளப்பை இறக்க வேண்டும். 60 டிகிரி, 4 பவுன்ஸ்: தடம் சரியாகக் கோட்டில் தொடங்கி, கைப்பிடி நீளத்திலேயே குழியாக முடிகிறது. விரலை விட்டுப் பார்த்தால் இரண்டு கணு ஆழம். முன்விளிம்பு மென்மணலில் மண்வெட்டியாகிவிட்டது. அதே கோட்டில் 56 டிகிரி, 14 பவுன்ஸ்: ஒரு கணு ஆழம்கூட இல்லை, சீவியெடுத்ததுபோல நீளமாகப் போகிறது, மணல் கிரீன் பக்கம் விசிறி விழுகிறது.

ஆக, இரண்டு வெட்ஜிலும் பழுதில்லை. ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுத்திருக்கிறார். பங்கரிலும் அடர்ந்த ரஃப் புல்லிலும் 56, இறுக்கமான தரையில் உயரத் தூக்க வேண்டியிருந்தால் 60 என்று மாற்றி, எதையும் வாங்காமலேயே 20 பந்து அடித்துப் பார்க்கிறோம். மூன்று மோசமான அடிகளின் விலகல் இரண்டு இடத்திலும் சுருங்குகிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு: மழையில் நனைந்து இறுகிய பங்கரில் 56-ம் துள்ளும், அங்கே 60-ஐ எடுக்கலாம்.

இரண்டு தரைக்கும் ஒரே கிளப் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, 58 டிகிரியில் 8 முதல் 10 பவுன்ஸ் இருந்து, சோலின் ஹீல் பக்கமும் (தண்டை ஒட்டிய பக்கம்) பின்விளிம்பும் சீவி எடுக்கப்பட்ட ரகத்தைப் பரிந்துரைப்போம். ஹீல் சீவப்பட்டிருந்தால் முகத்தைத் திறக்கும்போது முன்விளிம்பு அவ்வளவாகத் தூக்காது. பவுன்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். இரண்டு வெட்ஜில் 10 என்றே பொறித்திருக்கும், சோலின் அகலமும் செதுக்கலும் வேறாக இருந்தால் மண்ணில் அவை இரண்டு வேறு கிளப்கள்.

க்ரூவ்கள்

60 டிகிரியின் க்ரூவ்கள் தேய்ந்திருக்கின்றன. நகத்தைக் குறுக்கே இழுத்தால் ஹீல் பக்கம் தடுக்குகிறது, நடுவில் வழுக்குகிறது. ஈரச் சோதனையில் இது மிக உயரமாக மிதந்தது. தேய்ந்த க்ரூவை கூராக்கும் சிறு கருவிகள் கிடைக்கின்றன, போட்டியில் ஆடுபவர்கள் அவற்றைத் தொடாதிருப்பதே நல்லது. விதிப்படி அகலம் 0.9 மில்லிமீட்டரையும் ஆழம் 0.508 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது. 2010 முதல் தயாரான 25 டிகிரி மற்றும் அதற்கு மேலான லாஃப்ட் கிளப்களில் க்ரூவின் விளிம்பு எவ்வளவு கூராக இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கையால் சுரண்டினால் இந்த எல்லை எப்போது தாண்டியது என்பதே தெரியாது. தூரிகையும் தண்ணீரும் கொண்டு ஒவ்வொரு அடிக்கும் பிறகு சுத்தம் செய்வது அனுமதிக்கப்பட்டது, பலனும் பெரிது. மண் அடைத்த புது க்ரூவுக்கும் தேய்ந்த க்ரூவுக்கும் பந்துக்கு வித்தியாசம் தெரியாது.

லை ஆங்கிள்

தண்டு தரையோடு சேரும் கோணம்தான் லை. பலர் இதை அயர்ன்களுக்கு மட்டும் பார்ப்பார்கள், உண்மையில் லாஃப்ட் கூடக்கூட இதன் தாக்கம் கூடும். 56 டிகிரி வெட்ஜில் லை ஒரு டிகிரி பிசகினால் முகம் காட்டும் திசை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி விலகும், 80 யார்டில் அது 2 யார்டு, அதாவது 6 அடி. 4 டிகிரி லாஃப்ட் உள்ள பட்டரில் அதே பிசகு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு.

சோதிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். பந்தின் பின்பக்கம் தடித்த கோடு வரைந்து, கோடு செங்குத்தாக நிற்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் மை பதியும். அந்தக் கோடு க்ரூவுக்குச் செங்குத்தாக இருந்தால் சரி. மேல்நுனி டோ பக்கம் (தலையின் வெளிநுனிப் பக்கம்) சாய்ந்தால் லை நிமிர்ந்திருக்கிறது, வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். ஹீல் பக்கம் சாய்ந்தால் படுத்திருக்கிறது, பந்து வலப்பக்கம். இவருடைய 56-இல் கோடு டோ பக்கம் லேசாகச் சாய்கிறது. ஒரு டிகிரி படுக்க வைத்தால் போதும்.

பட்டர்

10 அடியிலிருந்து ஒரு டிகிரி விலகினால் பந்து குழியின் மையத்திலிருந்து 2.1 அங்குலம் தள்ளிப் போகும். குழியின் குறுக்களவு 4.25 அங்குலம், ஆக ஒரு டிகிரி என்பது விளிம்பில் உரசும் அளவு. திசையைச் சோதிக்க, பந்துக்கு ஓரடி முன்னால் இரண்டு டீக் குச்சிகளைப் பந்து மட்டும் நுழையும் இடைவெளியில் நட்டு 20 பட் ஆடிப் பாருங்கள். நம் ஆட்டக்காரர் 17 முறை டீயில் படாமல் போடுகிறார், திசை பிரச்சினையில்லை.

40 அடிச் சோதனையில் விஷயம் வெளிப்படுகிறது. முகத்தில் பாதப் பவுடரைத் தெளித்து ஆறு பட் ஆடினால், பந்தின் தடங்கள் நடுவில் இல்லாமல் டோ பக்கம் அரை அங்குலம் தள்ளிச் சிதறிக் கிடக்கின்றன. நடுவில் படாத பந்து வேகத்தை இழக்கும். ஒன்று குறைவாகவும் அதற்குப் பயந்து அடித்த அடுத்தது கூடுதலாகவும் போவது இதனால்தான். 35 அங்குலம் அவர் குனியும் விதத்துக்கு நீளம் என்பதால் கைகள் உடம்போடு நெருங்கி, பட்டரின் தலை உள்ளே இழுபட்டு, பந்து டோவில் படுகிறது.

உடனே வெட்டிவிடாதீர்கள். முதலில் க்ரிப்பில் ஓரங்குலம் கீழே பிடித்து இரண்டு வாரம் ஆடுங்கள். தடங்கள் நடுவுக்கு வந்தால் வெட்டலாம். வெட்டினால் தலை இலேசாகிவிட்டதுபோல் தோன்றும், அதை ஈடுகட்ட ஓரங்குலத்துக்குச் சுமார் 12 கிராம் ஈய நாடாவைச் சோலில் ஒட்டிப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே ஒட்டிவிட வேண்டும், சுற்றின் நடுவில் எடை மாற்ற விதி இடம் தராது.

பையில் செய்த மாற்றம்

உள்ளே வந்தது 50 டிகிரி வெட்ஜ் ஒன்றுதான், பவுன்ஸ் 8. இதை அவர் பெரும்பாலும் நேர்முகமாக, முழு வீச்சில் ஆடுவார் என்பதால் அதிகச் செதுக்கல் தேவையில்லை. வெளியேறியது நீளமான ஹைப்ரிட். 5 வுட்டுக்கும் அதற்கும் அவர் கையில் 6 யார்டுதான் வித்தியாசம் வந்தது, அந்த இடத்தைக் காலி செய்ய யோசிக்க ஒன்றுமில்லை. 56-இன் லை ஒரு டிகிரி வளைக்கப்பட்டது. 60-ஐ மாற்ற வேண்டும், ஆனால் இப்போதல்ல. வேலைகள் இடம் மாறிய பிறகு அந்த கிளப் எவ்வளவு பயன்படுகிறது என்று ஐந்து சுற்றுக் குறிப்பைப் பார்த்துவிட்டு, 60-ஆ 58-ஆ என்று தீர்மானிக்கலாம்.

அந்த ஐந்து சுற்றிலும் பழைய நான்கு விவரங்களையே எழுத வேண்டும். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வோம்: தரை ஈரமா, காய்ந்ததா. மழைக்காலத்தில் எடுத்த குறிப்பில் 14 பவுன்ஸ் எல்லா இடத்திலும் நல்ல பிள்ளையாகத் தெரியும். தரை காய்ந்து இறுகியதும் கோட்டுச் சோதனையை மறுபடி செய்து, முகத்தில் பந்தின் தடம் எந்த க்ரூவில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.